முந்நூற்று எழுபத்தெட்டுச் சுற்று

இதை நான்தான் சொல்ல வேண்டும். சொன்னால் முத்துவடிவு பீற்றிக்கொள்கிறாள் என்பார்கள். ஆமாம், பீற்றிக்கொள்ளத்தான் செய்கிறேன். தென்காசி வட்டாரத்தில் கயிறு பிடித்து இத்தனை பேரை உயிரோடு மேலே கொண்டுவந்த கை வேறு எது இருக்கிறது? காட்டுங்கள், பார்க்கிறேன்.

எங்களுக்குக் கிணறு வெட்டுகிற தொழில். ஆழக் கிணற்றில் சில சமயம் அடியில் கெட்ட காற்று தேங்கி நிற்கும். உள்ளே இறங்கினவனுக்கு மயக்கம் வந்தால் கூப்பிடக்கூடச் சத்து இருக்காது. இடுப்பில் கட்டிய கயிறு மட்டும் நடுங்கும். அதனால் எங்களுக்கு ஒரே சட்டம்தான். கயிறு ஆடினால் இழு. என்ன, ஏது என்று கேட்காதே. பல்லைக் கடித்துக்கொண்டு இழு.

கீழப்பாவூரில் ஒரு கிணற்றில் என் வீட்டுக்காரர் இசக்கியப்பன் உள்ளே நின்றபோது கயிறு ஆடியது. மேலே கயிற்றில் நின்றவன் அவர் தம்பி மாடக்கண்ணு. "எண்ணே, என்னண்ணே?" என்று குனிந்து கேட்டான். பதில் இல்லை. இன்னொரு தடவை கேட்டான். அப்புறம்தான் இழுத்தான். நான் அப்போது மண்கூடையோடு குவியலில் நின்றேன். திரும்பி ஓடிவந்தபோது மேலே கிடந்தது வெறும் உடல்.

அதற்குப் பிறகு நாலு வருஷம் மாடக்கண்ணிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. குழுவை விட்டு விரட்டினேன், அவன் போகவில்லை. ஒரே கிணற்றில் வேலை, ஒரே கயிற்றில் எனக்குப் பின்னால் அவன் கை, பேச்சு மட்டும் கிடையாது. "அந்த ஆளைக் கஞ்சி குடிக்கச் சொல்லு" என்று பக்கத்தில் நிற்பவர்களிடம் சொல்வேன். அவனும் வந்து குடித்துவிட்டுப் போவான். கயிற்றின் முன்பிடி, ஆட்டத்தை முதலில் உணர்கிற கை, அன்றிலிருந்து என்னுடையது. அந்த நாலு வருஷத்தில் கெட்ட காற்றிலிருந்து ஏழு பேரை இழுத்துப் போட்டிருக்கிறேன், ஒருவரைக்கூட விடவில்லை. முத்துவடிவு பிடித்தால் பிணமும் எழுந்து வரும் என்று ஊரில் பேச்சு.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த நாற்பத்து மூன்றாம் வருஷம், ஆடி மாதம், முத்துக்குமாரசாமிப் பண்ணையாரின் எஞ்சின் கல்கிடங்கில் விழுந்தது.

குத்துக்கல்வலசைக்கு மேற்கே ரயில் பாதைக்குக் கல் உடைத்து எடுத்த பெரிய பள்ளம் அது. நூற்றுப் பத்தடி தண்ணீர். தார் டிரம்மில் மிதவை கட்டி, அதன்மேல் எண்ணெய் எஞ்சினை ஏற்றி, பண்ணையார் தன் வயலுக்கு இறைத்துக்கொண்டிருந்தார். செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆடிக் காற்று வந்த வேகத்தில் மிதவை குப்புறக் கவிழ்ந்து எஞ்சின் அடிக்குப் போய்விட்டது. சண்டைக் காலத்தில் வேறு எஞ்சினுக்கு எங்கே போவது? நட்ட பயிர் பத்து நாளில் கருகிவிடும். குற்றாலத்தில் சாரல் கொட்டும், நாலு மைல் தள்ளி எங்கள் பக்கம் தூறலோடு சரி.

எடுத்துத் தருகிறேன் என்று வந்தார் மசூது அண்ணாச்சி. தென்காசிக்காரர்தான். கொழும்புத் துறைமுகத்தில் பன்னிரண்டு வருஷம் தண்ணீருக்கடியில் வேலை செய்தவர். சப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டதும் வேலையை விட்டு ஊர் திரும்பியிருந்தார். இடது காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பார். தூத்துக்குடியிலிருந்து அவர் சொன்ன சாமான்கள் எல்லாம் லாரியில் வந்து இறங்கின. அண்டா மாதிரி ஒரு செம்புத் தொப்பி, ரப்பர் உடுப்பு, ஈயம் அடித்த செருப்பு, காற்று அடிக்கிற பம்பு. பம்பின் சக்கரத்தை இரண்டு ஆள் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் கீழே மூச்சு இல்லை.

கயிறு பிடிக்க யார் வேண்டும் என்று பண்ணையார் கேட்டதும், "முத்துவடிவு வரட்டும். வேற ஆரும் வேண்டாம்" என்றார் அண்ணாச்சி. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெருமை ஒரு நாழிகைகூட நிலைக்கவில்லை.

"தங்கச்சி, நான் வேலையை முடிச்சுட்டு மூணு தடவை இழுப்பேன். அப்பம் நீ மெதுவாத் தூக்கணும். ஒரே மூச்சில தூக்கிரக் கூடாது. முப்பதடியில என்னை நிப்பாட்டி அஞ்சு நிமிசம் வச்சிரு. இருபதடியில பத்து நிமிசம். பத்தடியில பதினஞ்சு நிமிசம். அதுக்கு அப்புறந்தான் மேல."

"என்ன அண்ணாச்சி, வெளையாடுதியளா? கைக்கு எட்டுத தூரத்துல வந்த ஆளை ஊறப் போட்டு வைக்கச் சொல்லுதிய?"

அவர் சிரித்துக்கொண்டே கடையிலிருந்து இரண்டு கோலி சோடா வாங்கிவரச் சொன்னார். ஒன்றின் கோலியை ஒரே அமுக்காக அமுக்கினார். நுரை பொங்கி அவர் சட்டையெல்லாம் நனைந்தது. மற்றதைக் கட்டை விரலால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். உஸ்ஸென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"ஆழத்துல சுவாசிச்ச காத்து ரத்தத்துல ஏறி உக்காந்துரும். மெதுவா வந்தா மூச்சு வழியாப் போயிரும். டக்குனு தூக்குனா உள்ளயே நுரைச்சுரும். கொழும்புல ஒரு மேஸ்திரி அவசரத்துல எங்க ரெண்டு பேரையும் சடார்னு தூக்குனான். என் கூட்டாளி அன்னைக்குச் சாயந்திரமே மௌத்தாயிட்டான், உசுரு போயிட்டு. எனக்கு இந்தக் கால்." இழுத்து நடக்கிற காலைத் தட்டிக் காட்டினார். "இன்னொரு தடவை அப்படி ஆனா நான் தாங்க மாட்டேன் தங்கச்சி. உன் கையில இருக்கு."

எனக்குக் கோபம்தான் வந்தது. தாமதிக்காமல் இழு என்று எந்தச் சட்டத்தை நாலு வருஷமாக நெஞ்சில் அறைந்து வைத்திருந்தேனோ, அதையே மற என்கிறாரே மனுஷன். ஆனால் அந்தக் காலைப் பார்த்தேன். சரி என்று தலையாட்டிவிட்டேன்.

என் பழைய சேலைகளைக் கிழித்துக் கயிற்றில் அடையாளம் கட்டினோம். முப்பதடிக்குச் சிவப்பு, இருபதுக்கு மஞ்சள், பத்துக்கு நீலம். எந்தத் துணி தண்ணீர் மட்டத்துக்கு வருகிறதோ, அத்தனை அடியில் அவர் நிற்கிறார். மேலேயிருந்து நான் ஒரு தடவை இழுத்தால் "சுகமா?" என்று கேட்பது. அவர் ஒரு தடவை இழுத்தால் "சுகம்." இதற்குமேல் ஒன்றும் பேசிவைக்கவில்லை. அங்கேதான் தப்பு நடந்தது.

மறுநாள் காலையில் கிடங்கைச் சுற்றி ஊரே நின்றது. பாதிப் பேர் கிணற்று வேலைக்காரர்கள். நிமிர்த்திக் கட்டிய மிதவையில் நான், எனக்குப் பின்னால் மாடக்கண்ணு, பம்பில் இரண்டு பேர். இரண்டு முழம் தள்ளிக் கல்படியில் பண்ணையார், கையில் பைக் கடிகாரத்தோடு. நிமிஷம் சொல்வது அவர் வேலை. அவருக்குப் பக்கத்தில் அண்ணாச்சியின் சம்சாரம் ஹைருன் பீவி, முக்காட்டு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு.

அண்ணாச்சி இறங்கினார். அரைமணிக்கு மேல் கீழே இருந்தார். எஞ்சினில் சங்கிலி மாட்டியாகிவிட்டது என்பதற்கு அடையாளமாகக் கரையிலிருந்து விட்டிருந்த சங்கிலி ஆடியது. பிறகு கயிற்றில் மூன்று இழுப்பு வந்தது. தூக்கினோம். தண்ணீருக்குள் ஆள் அவ்வளவு கனக்கவில்லை. சிவப்புத் துணி வந்ததும் நிறுத்தி, கயிற்றை மிதவையில் அடித்திருந்த முளையில் சுற்றினேன்.

பண்ணையார் "அஞ்சு நிமிசம் ஆச்சு" என்று சொன்னபோது நான் பம்புச் சக்கரத்தை எண்ணிப் பார்த்திருந்தேன். நூற்றிருபத்தைந்து சுற்று. எண்ணச் சொல்லி யாரும் சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்து மண்கூடை எண்ணி எண்ணி, எதைக் கண்டாலும் என் வாய் எண்ணும். மஞ்சள் துணியில் பத்து நிமிஷம் என்றார். இருநூற்றைம்பது. பம்புக்காரர்கள் பிசகாமல் சுற்றுகிறார்கள் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

நீலத் துணி தண்ணீர் மட்டத்துக்கு வந்தது. இன்னும் பதினைந்து நிமிஷம். முளையில் சுற்றிவிட்டு ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தேன்.

நாற்பது வந்திருக்கும். கயிறு ஆடியது.

சின்ன ஆட்டம் இல்லை. நடுங்கி, உதறி, முளையே கிடுகிடுக்க ஆடியது. என் உடம்பு எனக்கு முன்னாலேயே எழுந்துவிட்டது. கை தானாகக் கயிற்றுக்குப் போனது. கரையில் அத்தனை கிணற்று வேலைக்காரர்களும் ஒரே குரலில், "கயிறு ஆடுது! இழு, இழு!" என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் யாருக்கும் வேறு சட்டம் தெரியாது.

பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே ஒரு தடவை இழுத்தேன். சுகமா?

ஆட்டம் நின்றது. கயிறு செத்த பாம்பாகத் தொங்கியது. "போச்சு, ஆளு போயிட்டான்" என்று கரையில் ஒருத்தன் சொன்னது என் காதில் விழுந்தது. அப்போது என் உள்ளங்கையில் ஓர் இழுப்பு. ஒன்றே ஒன்று, சுத்தமாக. அடுத்த நொடி கயிறு மறுபடியும் உதற ஆரம்பித்தது.

"சுகம்ங்காரு! பதில் வந்துட்டு!" என்று கத்தினேன்.

"ஆருக்கு வந்துச்சு? அந்த ஆட்டம் ஆடுது, பதில் வந்துச்சாம்!" பண்ணையார் எழுந்து கடிகாரத்தை மடியில் செருகிவிட்டார். "மனுசன் உயிருக்குத் துடிக்கான், நிமிசம் எண்ணிக்கிட்டா இருக்கது? இழுட்டீ!"

"குமிழி வருதுல்லா மொதலாளி, பாருங்க!"

"சாவுதவன் விடுத குமிழிட்டீ அது! கோட்டி பிடிச்சிருக்கா உனக்கு?"

நாற்பத்தொன்பது, ஐம்பது. எண்ணிக்கையை மட்டும் நான் விடவில்லை.

ஹைருன் பீவி படியில் இறங்கித் தண்ணீரிலேயே வந்து நின்றாள். இடுப்புவரை நனைந்துவிட்டது. "அக்கா, இழுங்கக்கா. உங்க காலைப் பிடிக்கேன். கால் போனாலும் போவுது, ரெண்டு காலும் போவட்டும், ஆளை எங்கிட்டக் குடுத்துருங்கக்கா."

அய்யோ, அந்தக் குரல். கீழப்பாவூரில் என் தொண்டையிலிருந்து வந்ததும் இதே குரல்தான். அவளுக்கு நான் என்ன சொல்வது? என் கையில் ஓர் இழுப்பு தெரிந்தது, அதை நம்பு என்றா? அது காற்று மிதவையை அசைத்ததாகக்கூட இருக்கலாமே என்று எனக்கே சந்தேகம் வந்தது. இன்னொரு தடவை கேட்கலாம் என்று இழுக்கப் போனேன். அதற்குள் பின்னாலிருந்து மாடக்கண்ணு பாய்ந்துவிட்டான்.

"அன்னைக்கு நான் பிந்திட்டேன் மயினி! இன்னைக்குப் பிந்த மாட்டேன்!"

முளைச் சுற்றை உருவிவிட்டு இழுத்தான். நீலத் துணி ஒரு சாண் மேலே வந்தது. நான் கயிற்றை என் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு மிதவையில் உட்கார்ந்தேன். இரண்டு காலையும் முளையில் ஊன்றினேன். இழுக்க வேண்டுமானால் என்னையும் சேர்த்து இழுக்கட்டும். அவன் விடவில்லை. ஒரு காலை எடுத்து அவன் நெஞ்சில் விட்டேன் ஓர் உதை. தொப்பென்று தண்ணீரில் விழுந்தான். நீலத் துணி பழையபடி தண்ணீர் மட்டத்துக்கு இறங்கியது. தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்று மூன்று.

"ஏலே பம்புக்காரனுவளா! அங்கன என்ன சுத்திக்கிட்டு? போய்க் கயித்தைப் பிடிங்கலே!" என்று பண்ணையார் அலறினார்.

முதலாளி சொல்லாயிற்றே. ஒருத்தன் சக்கரத்தை விட்டுவிட்டு எழுந்தான். மற்றவனால் தனியாகச் சுற்ற முடியவில்லை. சக்கரம் திக்கித் திக்கி நின்றுவிடப் பார்த்தது. சக்கரம் நின்றால் நுரையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், மூச்சு முட்டியே அண்ணாச்சி போய்விடுவார். நான் எழுந்தால் கயிறு போய்விடும். மாடக்கண்ணு மிதவை விளிம்பைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தான். தண்ணீர் சொட்டச் சொட்ட என்னைப் பார்த்தான்.

"மாடக்கண்ணு!"

நாலு வருஷத்துக்குப் பிறகு அவன் பேர் என் வாயில் வந்தது.

"மாடக்கண்ணு, ஆள் சுகமா இருக்காரு. என் கைக்குத் தெரியுதுலே. சக்கரத்தைப் பிடி. நான் எண்ணுததுக்குச் சுத்து."

என்னை நம்பினான். ஏன் நம்பினான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எழுந்தவனைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து பிடியைப் பிடித்தான். நான் உரக்க எண்ணினேன். நூற்றொன்று, நூற்றிரண்டு. சக்கரம் பழைய கதிக்கு வந்தது. கயிற்றைப் பிடிக்க வந்தவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினான். "கிட்ட வந்தேன்னு வையி, உனக்கும் அந்த உதைதான்" என்றேன். சொல்வதற்குள் நாலு சுற்று போயிற்று, அதையும் சேர்த்துக்கொண்டேன்.

கரையில் என்னென்னவோ சொன்னார்கள். புருஷனைத் தின்றவள் அடுத்தவள் புருஷனையும் தின்னப் பார்க்கிறாள் என்று ஒருத்தி சொன்னாள். அவள் யாரென்று எனக்குத் தெரியும். பேரைச் சொல்லி அவளுக்குப் பெருமை தேடித்தர மாட்டேன். இருநூறு தாண்டியது. இன்னொரு தடவை சுகமா என்று கேட்டேன். ஆட்டம் நின்று, ஓர் இழுப்பு, மறுபடி ஆட்டம். இந்தத் தடவை எனக்குச் சந்தேகம் இல்லை. "ஏட்டி ஹைருன், இங்கன வா" என்று கூப்பிட்டு, அவள் கையை எடுத்துக் கயிற்றில் வைத்து, மறுபடியும் ஒரு தடவை இழுத்தேன். பதில் வந்தது. அவள் கண் விரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், ஆனால் இழு என்று அதற்குப் பிறகு சொல்லவில்லை. கயிற்றிலிருந்து கையையும் எடுக்கவில்லை.

பதினைந்து நிமிஷத்துக்கு முந்நூற்று எழுபத்தைந்து. எங்கள் வேலையில் நூறு கூடைக்கு ஒரு கூடை கணக்கில் சேராது, அது இசக்கியம்மனுக்கு. முந்நூறுக்கு வந்த அந்த மூன்றையும் போட்டு முந்நூற்று எழுபத்தெட்டு. எண்ணி முடித்தேன், எழுந்தேன், தூக்கினேன்.

செம்புத் தொப்பி வெளியே வந்தது. திருகிக் கழற்றினோம். உள்ளே அண்ணாச்சி முகம் வெளுத்து, உதடு நீலமாகி, பல் கிட்டித்துக் கிடந்தது.

"சவம் பிடிச்ச குளிரு, என்ன குளிரு!" என்றார் அண்ணாச்சி. "ஒரு காப்பி கெடைக்குமா?"

எனக்கு வந்ததே ஆத்திரம்! "ஏன் அண்ணாச்சி அந்த ஆட்டம் ஆடுனிய? இங்கன எங்க உயிரு போயி வந்துச்சு!"

"நிக்குத நேரத்துல கையைக் காலை ஆட்டணும் தங்கச்சி. அப்பந்தான் காத்து சீக்கிரம் கழியும். கொழும்புல எல்லாரும் ஆட்டுவோம். நீ சுகமான்னு கேட்டப்ப நிப்பாட்டிப் பதில் சொன்னேன்லா?"

"அதை மொதல்லயே ஒரு வார்த்தை சொன்னா வாயில இருந்து முத்து உதுந்துருமோ?"

துறைமுகத்தில் கயிறு பிடிப்பவனுக்குத் தெரிந்த விஷயம், எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டார். கிணற்றுக்காரர்களுக்கு ஆடுகிற கயிறு என்றால் என்னவென்று அவருக்கு எப்படித் தெரியும்?

உடனே எழவிடவில்லை. ரத்தம் நுரைத்திருந்தால் ஒரு மணி நேரத்தில் மூட்டு வலியில் தெரிந்துவிடும் என்று அவரே சொல்லியிருந்தார். கல்படியில் கருப்பட்டிக் காப்பியோடு உட்காரவைத்துச் சுற்றிலும் காத்திருந்தோம். பண்ணையார் இரண்டு தடவை என் பக்கம் வந்து, கடிகாரத்தை எடுத்துத் துடைத்துவிட்டுப் போனார். பிறகு அண்ணாச்சி எழுந்தார். வலது காலைத் தூக்கி வைத்தார். இடது காலை எப்போதும்போல இழுத்தார். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். தென்காசிவரை லாரியில் போகலாம் என்றதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஹைருன் பீவியோடு நடந்தே போனார். பாதி ஊர் பின்னால் போயிற்று. எஞ்சின் மறுநாள் நாலு சோடி மாட்டில் மேலே வந்தது, கழுவித் துடைத்ததும் ஓடியது. அதைப் பார்க்க நான் போகவில்லை. நான் பார்க்க வேண்டியதைப் பார்த்தாகிவிட்டது.

எல்லாரும் போனபிறகு மிதவையில் நானும் மாடக்கண்ணும் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். அவன் நெஞ்சில் என் குதிகால் பட்ட இடம் கன்றிப்போயிருந்தது.

"மாடக்கண்ணு, அன்னைக்குக் கீழப்பாவூர்ல கயிறு ஆடுன பொறவு எவ்வளவு நேரம் நின்னே?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "இருபது எண்ணுத நேரம் இருக்கும் மயினி. அதுக்கு மேல இருக்காது. தெனமும் எண்ணிப் பாக்கேன்."

இருபது. அந்த இருபதுக்காக நாலு வருஷம் இவனை மனுஷனாக நான் மதிக்கவில்லை. கல்கிடங்கில் என் கைக்கு ஒரு பதிலாவது வந்தது. அவனுக்குக் கீழேயிருந்து ஒன்றுமே வரவில்லை. மேலே நிற்பவனுக்கு என்ன தெரியும்? இழுக்கவா, இன்னும் கேட்கவா என்று தெரியாமல் நடுவில் நின்றிருக்கிறான், ஒற்றை ஆளாக. முந்நூற்று எழுபத்தெட்டு எண்ணின எனக்குத்தானே தெரியும், அதில் ஒவ்வொன்றும் எத்தனை நீளம் என்று.

"இருபது ஒண்ணும் பெரிய நேரம் இல்லலே" என்றேன். "கயித்தை விட்டுட்டு வா. வீட்டுல சோறு இருக்கு, சாப்பிடுவோம்."

மறுவாரம் பண்பொழியில் ஒரு கிணறு. கயிற்றில் முன்பிடியை மாடக்கண்ணிடம் கொடுத்துவிட்டு, நான் அவனுக்குப் பின்னால் நின்றேன்.